கூட்டாளிகளைக் கேம்பிலேயே உட்கார வைக்காதீர்கள்: ஆர்பிஜி கேள்வி பதில்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலை வரை ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக இருந்து கதையை நடத்தும் வீடியோ கேம்) ஆடும் நம் ஆட்கள் ஓணம் லீவில் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் பால்டர்ஸ் கேட் 3 பற்றித்தான். லாரியன் ஸ்டூடியோஸ் 2023இல் வெளியிட்ட ஆட்டம் அது. கதையை வெளிப்படுத்தும் இடம் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: அக்கா, முதல் அத்தியாயம் முடியப் போகிறது. கம்பேனியன்கள் (குழுவில் கூட வரும் கூட்டாளிகள்) யாரும் என்னிடம் மனம்விட்டுப் பேசவே இல்லை. என் நண்பனுக்கு வந்த காட்சிகளில் பாதி எனக்கு வரவில்லை. ஆட்டத்தில் ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை தம்பி. நீ லாங் ரெஸ்ட், அதாவது கேம்பில் இரவுத் தூக்கம், எடுப்பதே இல்லை என்று நினைக்கிறேன்.

தலைக்குள் புழு இருக்கிறது, உடனே வைத்தியம் தேடு என்று கதை ஆரம்பத்திலேயே விரட்டுகிறது. அந்த அவசரத்தை நம்பி நிறைய பேர் தூங்காமலேயே ஓடுகிறார்கள். உண்மையில் அந்தப் புழுவுக்கு நாள் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் கூட்டாளிகளின் சொந்தக் கதைகள் பெரும்பாலும் இரவில், கேம்பில்தான் திறக்கின்றன. ஓர் இரவுக்கு ஒரு பெரிய காட்சி என்பதுதான் வழக்கம். நீ தூங்காவிட்டால் அவை வரிசையில் காத்துக்கொண்டே இருக்கும். அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டால் சில காட்சிகள் வராமலே போகும்.

அதனால் ஸ்பெல் (மந்திரம்) எல்லாம் தீர்ந்த பிறகுதான் படுக்க வேண்டும் என்று இருக்காதே. ஒரு பெரிய சண்டை முடிந்ததா, கேம்புக்குப் போ. யார் தலைமேல் ஆச்சரியக்குறி தெரிகிறதோ அவர்களிடம் பேசு. அப்புறம் தூங்கு. காலையில் எழுந்ததும் ஒரு சுற்று சுற்றி வந்து எல்லோரிடமும் மறுபடி பேசு.

சாப்பாடு தீர்ந்துவிடுமே என்று பயப்படாதே. பேலன்ஸ்ட் என்ற சிரம நிலையில் ஒரு லாங் ரெஸ்டுக்கு 40 கேம்ப் சப்ளை (உணவுப் பொருள்), அதைவிடக் கடினமான டாக்டீஷியனில் 80. பெட்டி, பீப்பாய், சமையலறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து 'சென்ட் டு கேம்ப்' கொடுத்துக்கொண்டே போனால் போதும். அங்கிருந்தே கணக்கில் வரும், மூட்டை சுமக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. எரியும் சத்திரம் போல, கண் முன்னால் ஒரு விபத்து நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் அதை முடித்துவிட்டுத் தூங்கு. அந்த மாதிரி இடங்களில் ஆட்டம் நமக்காகக் காத்திருக்காது.

மீனாட்சிபுரத்திலிருந்து: நாலு பேர்தான் போக முடிகிறது. கேம்பில் விட்டவர்கள் லெவலில் பின்தங்கிவிடுவார்களா?

பின்தங்க மாட்டார்கள். கேம்பில் இருப்பவர்களுக்கும் அனுபவப் புள்ளி சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தைரியமாக ஆள் மாற்றுங்கள். வில் (Wyll) என்ற கூட்டாளி சம்பந்தப்பட்ட இடத்துக்கு வில்லையும், இன்னொரு கூட்டாளியான லேஸெல்லின் இனத்தார் இருக்கும் இடத்துக்கு லேஸெல்லையும் கூட்டிப் போகாவிட்டால் அவர்கள் சொல்ல வேண்டிய பேச்சே உங்கள் காதில் விழாது. ஒரே மூன்று பேரோடு ஆட்டம் முழுக்க முடித்தவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுதப்பட்டதில் பாதியை அவர்கள் கேட்கவே இல்லை.

இதே ஸ்டூடியோ 2017இல் வெளியிட்ட டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 அப்படி இல்லை. அங்கே முதல் அத்தியாயத்தின் முடிவில் நீங்கள் சேர்த்துக்கொள்ளாத கூட்டாளிகள் நிரந்தரமாகப் போய்விடுவார்கள். அதை ஆடப் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: யாருக்கு உதவி செய்தாலும் 'ஆஸ்டேரியன் டிஸ்அப்ரூவ்ஸ்' (ஆஸ்டேரியன் என்ற கூட்டாளிக்குப் பிடிக்கவில்லை) என்று வருகிறது. நல்லவனாக ஆடினால் அவனைத் தக்க வைக்க முடியாதா?

முடியும். அப்ரூவல், அதாவது கூட்டாளிக்கு உங்கள் மேல் இருக்கும் மதிப்பு, கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில் உங்களோடு நடந்து வருபவர்களுக்குத்தான். ஊருக்கு உதவப் போகும்போது அவனைக் கேம்பில் விட்டுவிட்டு, உதவி செய்தால் மகிழும் கார்லாக்கையும் வில்லையும் கூட்டிப் போங்கள். குறும்பும் திருட்டும் நடக்கும் இடத்துக்கு அவனைக் கூப்பிடுங்கள். அவன் தன்னைப் பற்றிப் பேசும்போது காது கொடுத்தாலே நிறையக் கூடும். மதகுருவான ஷேடோஹார்ட் என்ற கூட்டாளிக்கோ அவள் ரகசியத்தைத் தோண்டாமல் இருந்தாலே பிடிக்கும்.

எண்ணைத் துரத்தி ஒவ்வொரு பதிலையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸில் அப்ரூவல் எண்ணாகவே திரையில் தெரியும், பரிசுப் பொருள் கொடுத்தே அதை ஏற்றலாம். இங்கே பரிசு கொடுத்து ஏற்றும் அந்த வழி கிடையாது. உங்கள் கதாபாத்திரம் என்ன செய்யுமோ அதைச் செய்யுங்கள். கூட்டாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கருத்து வேறுபாட்டிலிருந்தும் நல்ல காட்சிகள் வருகின்றன.

(கதை வெளிப்படும்.) பெரிய முடிவுகளுக்கு மட்டும் இந்த வழி செல்லாது. முதல் அத்தியாயத்தில் அகதிகள் தங்கியிருக்கும் தோப்பைத் தாக்கும் பக்கம் சேர்ந்தால், கேம்பில் இருந்தாலும் வில்லும் கார்லாக்கும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள்.

ஆனைமலையிலிருந்து: கேல் என்ற மந்திரவாதிக் கூட்டாளி மந்திரப் பொருள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள். தொடர்ந்து மறுத்தால் குழுவை விட்டே போய்விடுவார். யாரும் போட்டுக்கொள்ளாத ஏதாவது ஒரு பச்சைநிறப் பொருளை (பச்சை என்றால் சாதாரண வகை மந்திரப் பொருள்)த் தனியாக எடுத்து வையுங்கள். கொடுத்தது திரும்பி வராது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: சண்டையில் முதலில் விழுவது எப்போதும் ஷேடோஹார்ட்தான். மற்றவர்களுக்கு மருந்து கொடுத்தே அவள் முறை முழுவதும் போய்விடுகிறது.

குணப்படுத்துவது ஒருத்தியின் வேலை மட்டும் என்று வைத்துக்கொள்வதால்தான் இப்படி ஆகிறது. மருந்துக் குப்பிகளை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். தானே குடிப்பதற்குப் போனஸ் ஆக்ஷன் (ஒரு முறையில் முக்கியச் செயல் போகக் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயல்) மட்டும் போதும், அடிக்கும் வாய்ப்பு கையில் இருக்கும். விழுந்தவரை யார் வேண்டுமானாலும் 'ஹெல்ப்' கொடுத்து எழுப்பலாம், 1 உயிர்ப்புள்ளியோடு எழுவார். அவளிடம் 'ஹீலிங் வேர்ட்' என்ற குணப்படுத்தும் ஸ்பெல் இருந்தால் அதுவும் போனஸ் ஆக்ஷன்தான், தூரத்திலிருந்தே வேலை செய்யும்.

அடுத்தது கான்சென்ட்ரேஷன், அதாவது ஸ்பெல் கலையாமல் மனதைக் குவித்து வைப்பது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கான்சென்ட்ரேஷன் ஸ்பெல்லைத்தான் பிடித்து வைக்க முடியும். 'பிளெஸ்' போட்டுவிட்டு இன்னொன்று போட்டால் முதலாவது கலைந்துவிடும். அடிபட்டாலும் கலையலாம். அதனால் அவளைப் பின்னால், முடிந்தால் மேட்டில் நிறுத்துங்கள். மேட்டிலிருந்து அடித்தால் குறிக்கு +2 கிடைக்கிறது.

அவளுடைய தந்திர டொமைன் (மதகுருவின் திறன் பிரிவு) பிடிக்கவில்லை என்றால் கேம்பில் தங்கும் விதர்ஸ் என்பவரிடம் 100 பொற்காசு கொடுத்து லைஃப் அல்லது லைட் டொமைனுக்கு மாற்றலாம். எந்தக் கூட்டாளிக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், அவர்கள் கதை மாறாது. ஆள் செத்தே போனாலும் அதே விதர்ஸ் 200 பொற்காசுக்கு எழுப்பித் தருவார்.

வாளையாரிலிருந்து: பொறி இருப்பது தெரிந்தும் எல்லோரும் அதன் மேலேயே நடந்து சாகிறார்கள்!

குழுவைப் பிரித்துவிடு தம்பி. மூன்று பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு ஆஸ்டேரியனை மட்டும் முன்னால் அனுப்பு. பொறியை எடுத்த பிறகு சேர்த்துக்கொள்.

சித்தூரிலிருந்து ஒரு பெரியவர்: அம்மணி, நான் பழைய ஆள். 2000இல் வந்த பால்டர்ஸ் கேட் 2ஐ இப்போது மறுபடி ஆடுகிறேன். அதில் வரும் கூட்டாளிகள் கெல்டார்னும் விகோனியாவும் அடித்துக்கொள்கிறார்களே?

வணக்கம் ஐயா. அந்த இரண்டு பேரையும் ஒரே குழுவில் வைக்க முடியாது. வாய்ச்சண்டையில் தொடங்கி வாள்சண்டையில் முடியும். ஒருவரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். விகோனியாவை வைத்துக்கொண்டால் உங்கள் நற்பெயர் ரொம்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகழ் உச்சத்துக்குப் போனால் தீய குணமுள்ளவர்கள் தாங்களாகவே வெளியேறிவிடுவார்கள். அங்கே ஆறு பேர் போகலாம் என்பதால் ஆள் தேர்வுக்கு இடம் தாராளம். ஆனால் வெளியே விட்டவருக்கு அனுபவப் புள்ளி சேராது. அடிக்கடி மாற்றாமல், சீக்கிரமே முடிவு செய்துவிடுவது நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து: (கதை வெளிப்படும்) லேஸெல்லும் ஷேடோஹார்ட்டும் இரவில் கத்தியோடு நிற்கிறார்கள். யார் பக்கம் நிற்பது?

யார் பக்கமும் வேண்டாம். பேசிப் பிரித்துவிடப் பாருங்கள். தாயம் சரியாக விழாவிட்டால் ஒருத்தி சாகலாம், அதனால் தூங்குவதற்கு முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் உயிரோடு வைத்திருப்பதன் அருமை கதை முன்னேறும்போது தெரியும். ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேரும் எவ்வளவு தூரம் மாறுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே நான் இந்த ஆட்டத்தை மறுபடி ஆடுவேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: நான் இங்கே, தங்கை கோயம்புத்தூர் ஹாஸ்டலில். சேர்ந்து ஆடினால் கம்பேனியன்கள் இருப்பார்களா?

இருப்பார்கள். ஆடும் ஒவ்வொருவரும் நாலில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் இரண்டு பேர் என்றால் கூட்டாளிகளுக்கு இரண்டு இடம் மிச்சம். ஆளுக்கு ஒருவர் என்று பிரித்து நடத்துங்கள். தங்கை யாரிடமாவது பேசும்போது நீங்களும் பக்கத்தில் போய் அந்த உரையாடலைக் கேட்கலாம், அதைத் தவறவிடாதீர்கள். நாலு பேராக ஆடினால் கூட்டாளிகளுக்கு இடமே இருக்காது, அதனால் முதல் தடவை இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தை நடத்துவது உங்கள் கணினி என்றால், ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் எஃப்5 தட்டி சேவ் செய்துவிடுங்கள்.