எனக்குக் கல் மனசா?

கேள்வி:

அன்புள்ள அம்மா, எனக்கு வயது 46. அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வலியைத்தான் குறைக்க முடியும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சில வருஷங்களாக ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறேன்; நம் கையில் இல்லாததைக் கலங்காமல் ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பழைய கிரேக்க, ரோமத் தத்துவம் அது. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய குறிப்புகள் எப்போதும் என் பையில் இருக்கும். பிறந்தவர் போகத்தானே வேண்டும்? இதைச் சொன்னால் அக்கா என்னைக் கல் மனசுக்காரன் என்கிறாள். அம்மா ஓயாமல் அழுகிறாள். யாரோ சொன்னார்கள் என்று அக்கா தினமும் ஒரு கஷாயம் வைக்கிறாள். மருந்து, ஆக்சிஜன், ராத்திரி நர்ஸ், எல்லாச் செலவும் என்னுடையது. அதை ஒருத்தரும் பேசுவதில்லை. நான் அழாதது மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. (அப்பாவின் அறைக்குள் போய்ப் பத்து நாளாகிறது. வாசலில் நின்று நர்ஸிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் உள்ளே போய் என்ன ஆகப் போகிறது?) கஷாயம் வைத்தால் பாசம், பணம் கட்டினால் கல் மனசா? மரணத்தை ஏற்றுக்கொள்வது தப்பா? அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்:

அன்புள்ள தம்பி,

செலவு முழுவதையும் சுமப்பவருக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்காதது வருத்தம்தான். அதை அக்காவிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பத்து நாள்.

நீங்கள் மதிக்கிறவர்களிடமே கேட்போம். எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்து ஸ்டோயிக் ஆசிரியரானவர். அவரிடம் ஓர் அதிகாரி வருகிறார். மகள் நோயில் கிடந்தபோது பக்கத்தில் இருக்கத் தாங்காமல் வீட்டை விட்டே ஓடிப்போனாராம். தேறிவிட்டாள் என்று செய்தி வரும்வரை திரும்பவில்லை. அவ்வளவு பாசம், எந்தத் தகப்பனும் அப்படித்தான் என்கிறார். எபிக்டெட்டஸ் விடவில்லை. பெற்றவளுக்குப் பாசம் இல்லையா? வளர்த்த செவிலிக்கு இல்லையா? அவர்களும் ஓடியிருந்தால் குழந்தையின் கதி என்ன? நீ படுத்துக் கிடக்கும்போது உன் வீட்டார் இப்படிப் பாசம் காட்டினால் உனக்குச் சம்மதமா?

அந்த அதிகாரி ஓடிப்போனதற்குப் பாசம் என்று பெயர் வைத்தார். நீங்கள் ஏற்றுக்கொள்வது என்று வைத்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டிலும் பயம்தான் தெரிகிறது. பயப்படுவதில் தவறில்லை தம்பி, அவர் உங்கள் அப்பா. அதைத் தத்துவத்தால் மூடி, அழுகிற அம்மாவிடம் நீட்டியதுதான் தவறு. மார்க்கஸ் அரேலியஸ் பதின்மூன்று பிள்ளைகளுக்குக் குறையாமல் பெற்று, பாதிக்கு மேல் பறிகொடுத்தவர். அந்தக் குறிப்புகளை அவர் தனக்காகத்தான் எழுதினார். திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது என்றால், அவருக்கும் அது சுலபமாக வரவில்லை என்றுதானே அர்த்தம்? இன்னொரு ஸ்டோயிக் அறிஞரான செனெகாவும் அழுதவர்தான். நண்பர் செரீனஸ் இறந்தபோது அளவு மீறி அழுததாக இன்னொரு நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். தன்னைவிட இளையவன் முந்திப் போவான் என்று நினைத்தே பார்க்கவில்லையாம்.

அக்காவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கஷாயம் நோயைத் தீர்க்காது என்று அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். (டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும்.) ஆனால் அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தினமும் உள்ளே போகிறார். உங்கள் வீட்டில் சாவைக் கண்ணுக்கு நேராகப் பார்ப்பது இப்போது அவர்தான்.

இன்றைக்கே போங்கள். எதுவும் பேசத் தேவையில்லை. உதடு காய்ந்திருந்தால் பஞ்சை நனைத்துத் தொட்டு வையுங்கள், நர்ஸ் சொல்லிக்கொடுப்பார். அப்பாவுக்குப் பிடித்தால் முகச்சவரம் செய்துவிடுங்கள். அழுகை வந்தால் அவர் முன்னாலேயே வரட்டும், வெளியே ஓடி வராதீர்கள். அரைமணி நேரம் முடியாவிட்டால் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அதுவும் முடியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். அந்த வாசலில் உங்களை நிறுத்துவது எது என்று பார்ப்போம்.