நிராசை பற்றிக் குர்ஆன்: கேள்வி பதில்

கேள்வி: ஹஜ்ரத், நிராசைக்குக் குர்ஆனில் என்னென்ன சொற்கள்?

பதில்: முக்கியமாக மூன்று வேர்கள். 'யஃஸ்' 13 தடவை, 'குனூத்' 6, 'இப்லாஸ்' 5. யஃஸ் என்றால் எதிர்பார்ப்பு அற்றுப்போவது. அது எப்போதும் குற்றமல்ல. மாதவிடாய் நின்ற பெண்களைச் சொல்ல 65:4-ல் (65-ஆம் அத்தியாயம், 4-ஆம் வசனம்) வருவதும் இந்தச் சொல்தான். குனூத் இன்னும் கடுமையானது. இப்லாஸ் வாயடைத்துப்போன நிலை. இப்லீஸ் (ஷைத்தான்) என்ற பெயரே இதிலிருந்து வந்தது என்பார் பலர்.

கேள்வி: அழுதுகொண்டே இருக்கிறேன். காஃபிர்கள்தான் (இறைமறுப்பாளர்கள்) நிராசை கொள்வார்கள் என்கிறது 12:87. என் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விட்டதா?

பதில்: இல்லை. அதைச் சொன்னவர் நபி யஃகூப் (அலை). மூன்று வசனம் முன்னால் பாருங்கள்: 12:84-ல் மகன் யூஸுஃபை நினைத்து நினைத்தே அவர் கண்கள் வெளுத்துப்போயிருந்தன. 12:86-ல் தன் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொல்கிறார். அதே வாயால்தான் "போய்த் தேடுங்கள், நிராசை கொள்ளாதீர்கள்" என்று பிள்ளைகளை அனுப்புகிறார். ஆக, அழுகையும் முறையீடும் நிராசை அல்ல. 'அல்லாஹ் இனி எனக்கு எதுவும் செய்யமாட்டான்' என்று தீர்ப்பு எழுதிவிட்டுத் தேடலை நிறுத்துவதே நிராசை. தூக்கமும் சாப்பாடும் கெட்டு நாளாகிறது என்றால் மருத்துவரையும் பாருங்கள், அதுவும் தேடல்தான்.

ஓதும்போது ஒரு கவனம்: 12:87-ல் வருவது 'ரவ்ஹில்லாஹ்', அல்லாஹ்வின் ஆறுதல். 'ரா' எழுத்துக்கு ஜபர் ('அ' ஒலிக்குறி), பேஷ் ('உ' ஒலிக்குறி) அல்ல. ரவ்ஹ் ஆறுதல், ரூஹ் உயிர்.

கேள்வி: 39:53 எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும் என்கிறது. 4:48 ஷிர்க்குக்கு (இணைவைத்தலுக்கு) மன்னிப்பில்லை என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும். முதலாவது தவ்பா (பாவத்தை விட்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்புதல்) செய்பவருக்கு, இரண்டாவது தவ்பா இல்லாமலே மவுத்தானவருக்கு (இறந்தவருக்கு). 39:53-ஐ மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். வேதனை வருமுன் இறைவன் பக்கம் திரும்பச் சொல்கிறது 39:54.

கேள்வி: 39:53 இருக்கிறதே, வயதான பிறகு தவ்பா செய்தால் போதாதா?

பதில்: 39:54. கூடவே 4:18: சகராத்தில் (மரணத் தறுவாயில்) செய்யும் தவ்பா தவ்பா அல்ல.

கேள்வி: கனவில் வறண்ட கிணறு வந்தது...

பதில்: கனவு என் துறை அல்ல.

கேள்வி: கஷ்டத்துக்குப் பின் இலேசு என்பது 94:5தானே?

பதில்: அங்கே 'மஅ', அதாவது 'உடன்'. 'பின்' வருவது 65:7-ல்.

கேள்வி: 12:110-ல் ரஸூல்மார்களே (இறைத்தூதர்களே) நிராசையடைந்தார்கள் என்று வருகிறதே!

பதில்: நல்ல கேள்வி. அவர்கள் நிராசையடைந்தது சமூகத்தார் ஈமான் கொள்வார்கள் என்பதில். அல்லாஹ்வின் ரஹ்மத்தில் (அருளில்) அல்ல.

கேள்வி: அதே வசனத்தில் தொடர்ந்து 'குதிபூ' என்ற சொல் வருகிறது. தங்களிடம் பொய் சொல்லப்பட்டதாக ரஸூல்மார்கள் எண்ணினார்கள் என்றாகாதா?

பதில்: உர்வா (ரஹ்) இதையேதான் தன் சிறியதாயார், நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டார். எந்த ரஸூலும் தன் இறைவனைப் பற்றி அப்படி எண்ணமாட்டார் என்று ஆயிஷா மறுத்து, 'குத்திபூ' என்று ஓதினார்கள்: தாங்கள் பொய்யாக்கப்பட்டதாக (பொய்யர் என மறுக்கப்பட்டதாக) ரஸூல்மார்கள் எண்ணினார்கள். நாம் ஓதும் ஹஃப்ஸ் கிராஅத்தில் (ஓதும் முறையில்) 'குதிபூ'. அதன்படி, பொய் சொல்லப்பட்டதாக எண்ணியது சமூகத்தார்.

கேள்வி: எழுவாய் ரஸூல்மார்கள்தானே? நடுவில் சமூகத்தார் எப்படி நுழைந்தார்கள்?

பதில்: 12:109-லேயே நுழைந்துவிட்டார்கள்: "அவர்களுக்கு முன்னிருந்தோரின் முடிவு". முந்திய வசனத்தையும் ஓதுங்கள்.