காலின் கவுண்ட்டியில் வீடு: விலாசம் தெரியாமல் விலை பேசாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு டெக்சஸ் மாநிலம் பிளேனோ அலுவலகத்துக்கு மாற்றலாகியிருக்கிறது. எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. மாமனாரும் மாமியாரும் வருஷத்தில் பாதி எங்களோடு இருப்பார்கள். மாமனாருக்கு ஆஸ்துமா உண்டு. "காலின் கவுண்ட்டிதான் பெஸ்ட், போனதும் வாங்கிப் போட்டுடுங்க" என்கிறார்கள் நண்பர்கள். 6 லட்சம் டாலர் வரை எங்களால் முடியும். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பொய்யில்லை. 2010 சென்சஸில் 7,82,341 பேர் இருந்த இந்தக் கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போல; பிளேனோவும் இதில்தான்), 2020இல் 10,64,465 பேராக வளர்ந்தது. டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை 2017இல் பிளேனோவுக்குக் கொண்டுவந்தது. வேலை, பள்ளி, கோயில், தமிழ் வகுப்பு, இட்லி மாவு எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். மாநில வருமான வரியும் கிடையாது.

ஆனால் "காலின் கவுண்ட்டி" என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. நீங்கள் கட்டப்போகும் சொத்து வரியில் கவுண்ட்டியின் பங்கு 100 டாலர் மதிப்புக்கு சுமார் 15 சென்ட்தான். அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டம் ஏறக்குறைய ஒரு டாலர் எடுத்துக்கொள்ளும். மிச்சம் நகராட்சிக்கும் கல்லூரிக்கும். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. ஃபிரிஸ்கோ நகரின் மேற்குப் பகுதி டென்டன் கவுண்ட்டியில் இருக்கிறது. மெக்கின்னி விலாசம் கொண்ட சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்திலும், சில பிராஸ்பர் பள்ளி மாவட்டத்திலும் வருகின்றன. எனவே பிடித்த வீடு கண்ணில் பட்டதும் முதல் வேலையாக, வரிக்காகச் சொத்து மதிப்பைக் கணிக்கும் காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் அந்த விலாசத்தைப் போட்டுப் பாருங்கள். யார் யார் வரி வாங்குகிறார்கள், மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு எப்படி ஏறியது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அங்கே "எம்யூடி" என்ற மூன்றெழுத்து தென்பட்டால் நிதானியுங்கள். புது லேஅவுட்டுக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை போட வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்களிடமே வரியாக வசூலிக்கும் அமைப்பு அது. பழைய ஃபிரிஸ்கோ, பிளேனோ பகுதிகளில் மொத்த வரி 1.7 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எம்யூடி உள்ள இடங்களில் 2.5 சதவீதத்தைக்கூடத் தொடும். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு விலக்குகளைக் கழிக்கும் முன் முதலாவது 10,200 டாலர், இரண்டாவது 15,000. மாதம் 400 டாலர் வித்தியாசம். லேஅவுட் மேம்பாட்டுச் செலவுக்காக "பிஐடி" என்று இன்னொன்று உண்டு; அது வரி விகிதத்தில் சேராமல் தனிக் கட்டணமாக வரும். விற்பவரிடம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இப்போதைய உரிமையாளர் கட்டும் வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று டெக்சஸில் உச்சவரம்பு இருக்கிறது. 65 வயது தாண்டியவர் என்றால் பள்ளி வரியே அதே தொகையில் நின்றுவிடும். வீடு கைமாறியதும் அந்தச் சலுகைகள் அவரோடு போய்விடும். அடுத்த ஜனவரி 1 முதல் உங்களுக்கு முழு மதிப்பில் வரி.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. ஆலோசனைக்கு வருபவர்கள் அதிகம் அதிர்ச்சியடைவது இதில்தான். வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி போடப்படும். அன்றைக்கு அங்கே வெறும் மனை இருந்தால், அந்த ஆண்டு வரி மனைக்கு மட்டும்தான். மனை மதிப்பு 1,20,000 டாலர், வரி 2.5 சதவீதம் என்றால் 3,000 டாலர். வங்கி அதை நம்பி எஸ்க்ரோவில் (வரி, காப்பீட்டுக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் கணக்கு) மாதம் 250 பிடிக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் 15,000 டாலர் பில் வரும்போது விழும் பள்ளத்தையும் சேர்த்து நிரப்ப, மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் எகிறும். கடன் வாங்கும்போதே முழு வீட்டு மதிப்பில் எஸ்க்ரோ கணக்குப் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். நியூ ஜெர்சியில் எந்த வீடு எவ்வளவுக்குப் போனது என்று எவரும் பார்க்கலாம். டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. அதனால் செயலிகள் காட்டும் மதிப்பீடு இங்கே பெரும்பாலும் ஊகம். உண்மையான விலை, ஏஜென்ட்டுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் எம்எல்எஸ் என்ற விற்பனைப் பதிவில்தான் இருக்கும். உங்கள் ஏஜென்ட்டிடம் அதே தெருவில், அதே பரப்பளவில் கடந்த ஆறு மாதத்தில் முடிந்த விற்பனைகளைக் கேளுங்கள். விற்பவர் சொன்ன விலை, முடிந்த விலை, எத்தனை நாள் கிடந்தது, மூன்றும் வேண்டும். கூடவே கையிருப்பு மாதங்களையும் பாருங்கள்: இன்றைய வேகத்தில் விற்றால் சந்தையில் உள்ள வீடுகள் தீர எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்கு. ஆறு மாதத்தை ஒட்டினால் சமநிலை, மிகக் குறைந்தால் விற்பவர் ராஜ்யம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ரியல் எஸ்டேட் ஆய்வு மையம் இதை மாதாமாதம் வெளியிடுகிறது. 2021இல் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்த 30 ஆண்டுக் கடன் வட்டி 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியபோதே, ஒரே வீட்டுக்கு இருபது பேர் முட்டி மோதிய காலம் முடிந்துவிட்டது. பேரம் பேசலாம், தயங்காதீர்கள். பில்டர் இன்னும் மனை வைத்திருக்கும் லேஅவுட்டில் வாங்கினால் மட்டும் ஒன்றை யோசியுங்கள்: மூன்று வருஷத்தில் விற்க நேர்ந்தால், வட்டியைக் குறைத்துக் கொடுத்துப் புது வீடு விற்கும் அதே பில்டர்தான் உங்களுக்குப் போட்டி.

அடுத்தது மண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழையில் உப்பிக்கொள்ளும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்மேல் ஒற்றைக் கான்கிரீட் பலகையாக அஸ்திவாரம். வீடு பார்க்கப் போகும்போது கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறைக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திப் பாருங்கள். மேலே ஒரு பக்கம் இடைவெளி அகலமாகவும் மறுபக்கம் இடிப்பதாகவும் இருந்தால் கதவுச் சட்டம் கோணியிருக்கிறது. வெளியே செங்கல் சுவரில் காரை படிக்கட்டு போல விட்டிருக்கிறதா, புதிதாகப் பூசி மறைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் ரிப்பேர் கம்பெனியின் இலவசப் பரிசோதனையை நம்பாமல், எதையும் விற்காத ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியருக்குக் காசு கொடுத்து அறிக்கை வாங்குங்கள். குடிபோன பிறகும் கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். புல் வாடினால் திரும்ப முளைக்கும், அஸ்திவாரம் அப்படியில்லை.

மேலே கூரை. வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை பெய்யும். சில சமயம் கோல்ஃப் பந்து அளவுக்கு. காப்பீட்டு விலையை வீட்டுக்கு ஆஃபர் போடும் முன்பே வாங்கிவிடுங்கள். காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கான டிடக்டிபிள் (காப்பீடு தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்துதான். பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளின் பள்ளிதான் உங்கள் முடிவில் கனமான விஷயம். பிளேனோவில் 9, 10ஆம் வகுப்புகள் ஒரு பள்ளியிலும் 11, 12 சீனியர் ஹையிலும் நடக்கும். ஆலன் நகரில் ஊருக்கே ஒரே பிரம்மாண்டமான ஹைஸ்கூல். ஃபிரிஸ்கோ, அளவான ஹைஸ்கூல்கள் பலவற்றை வைத்திருக்கிறது. ரேட்டிங் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கும். நம்மவர்கள் பார்க்கத் தவறுவது ரேங்க். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்பின் முதல் 10 சதவீத மாணவர்களுக்குத் தானியங்கி இடம். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் 2026 இலையுதிர் சேர்க்கை முதல் அது முதல் 5 சதவீதம். போட்டி கடுமையான பள்ளியில் நல்ல மார்க் வாங்கியும் அந்த வரிசைக்குள் வராமல் போகலாம். மகனுக்கு வேறு கவலை. பழைய பகுதிகளில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்று பிளேனோ பள்ளி மாவட்டம் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. வீட்டுக்கு உரிய தொடக்கப் பள்ளியில் சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று விசாரியுங்கள்.

இதற்கு நேர்மாறானது கவுண்ட்டியின் கிழக்கே உள்ள பிரின்ஸ்டன். 2023-24இல் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம். வீடு மலிவு. ஆனால் தண்ணீர், சாக்கடை, சாலை, போலீஸ் எதுவும் ஈடுகொடுக்க முடியாமல், 2024 செப்டம்பரில் நகராட்சியே புதுக் குடியிருப்பு அனுமதிகளை நிறுத்தி வைத்தது. யுஎஸ் 380 சாலையில் காலை நெரிசலைப் பார்த்தாலே நிலைமை புரியும். எந்த ஊர் என்றாலும் வாரநாள் காலை 7:45க்கு அந்த வீட்டிலிருந்து பிளேனோ அலுவலகத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், டோலையும் கூட்டிக்கொள்ளுங்கள். காரில்லாத மாமனார், மாமியாருக்கு பிளேனோவில் டார்ட் (டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்து) ரயிலும் பேருந்தும் உண்டு. ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி நகரங்கள் டார்ட்டில் உறுப்பினர் இல்லை.

ஆஸ்துமாவுக்கு: டாலஸ் வட்டாரத்தில் கோடை ஓசோன் அளவு மத்திய அரசின் வரம்பைத் தாண்டுவது பழைய கதை. டிசம்பர், ஜனவரியில் "மவுண்டன் சிடார்" மரத்தின் மகரந்தம் வேறு. மாமனார் முதல் வருகையில் எப்படித் தாங்குகிறார் என்று பார்க்காமல் வீட்டில் பணத்தை முடக்காதீர்கள்.

ஆகவே என் யோசனை, மகள் ஒன்பதாம் வகுப்பு சேர வேண்டிய பள்ளியின் எல்லைக்குள் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். எச்1பியில் வேலை போனால் அடுத்த வழி தேட 60 நாள்தான் அவகாசம். வீட்டை விற்க அது போதாது. நண்பர்கள் "வாடகை வேஸ்ட்" என்பார்கள், சொல்லட்டும்.

பிறகு வாங்கினால், டிரைவிங் லைசென்ஸில் புது விலாசத்தை மாற்றிவிட்டு ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் விண்ணப்பியுங்கள். எச்1பியில் இருப்பவருக்கும் உண்டு; பள்ளி வரி மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். விண்ணப்பம் இலவசம். குடிபோன சில வாரங்களில், அரசு முத்திரை போல ஒன்றைப் போட்டு அதற்குக் கட்டணம் கேட்கும் கடிதம் வரும், கிழித்துப் போட்டுவிடுங்கள்.