வெயில் கிறீம் இரத்தத்தில் கலக்குமா?

கேள்வி: பாசிக்குடாக் கடலில் குளிக்கப் போகும்போது பிள்ளைகளுக்குப் பூசும் சன்ஸ்கிறீனில் ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேற், ஒக்டோகிரிலீன் என்று போட்டிருக்கிறது. இவை இரத்தத்தில் கலக்குமாம். எறிந்துவிடவா?
– வாசகி, கல்லடி

பதில்: இவை வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சித் தடுக்கும் இரசாயனங்கள். இரத்தத்தில் கலப்பது உண்மைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வுகளில் (2019, 2020) இத்தகைய பொருட்கள் இரத்தத்தில் மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராமைத் தாண்டியிருந்தன. ஆனால் அது நஞ்சாகும் அளவல்ல. தாண்டினால் மேலும் சோதிக்க வேண்டும் என்பதற்கான கோடு. மனிதருக்குக் கெடுதி என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஹோர்மோனைக் குழப்புமோ என்ற சந்தேகத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உடம்புக்குப் பூசும் கிறீமில் ஒக்ஸிபென்சோனை 2.2 வீதமாகக் குறைத்தது. முகக் கிறீமுக்கு 6 வீதம்.

பெரியவர்கள் இருப்பதைப் பூசி முடிக்கலாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிங்க் ஒக்சைட் அல்லது டைட்டானியம் டைஒக்சைட் மட்டும் உள்ளதை வாங்குங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் படியும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கிறீமே வேண்டாம், நிழல் போதும். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று எண்ணி ஹவாயில் 2021 ஜனவரி முதல் ஒக்ஸிபென்சோனோ ஒக்டினொக்ஸேற்றோ உள்ள கிறீம்களின் விற்பனைக்குத் தடை. முருகைக்கற்கள் உள்ள பாசிக்குடாவுக்கும் முழுக்கைச் சட்டை போட்டுக் குளிப்பது நல்லது. கிறீமும் மிச்சம்.

எறிய வேண்டியது பழைய ரியூபை. ஒக்டோகிரிலீன் நாட்பட நாட்பட பென்சோபீனோனாகச் சிதையும். அது புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ளது. காலாவதித் திகதி தாண்டியதையும், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்ததையும் பூச வேண்டாம். அவோபென்சோன் என்ற இன்னொரு வெயில் தடுப்புப் பொருளும் ஒக்டினொக்ஸேற்றும் ஒரே கிறீமில் இருந்தால் வெயில் பட்டதும் இரண்டுமே வேகமாகச் சிதையும். அப்படிக் கண்டால் வேறொன்றை எடுங்கள்.

உண்மையில் பலர் கெடுவது அளவில்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வளர்ந்தவரின் முழு உடம்புக்கு 30 மில்லிலீற்றர். 50 மில்லிலீற்றர் ரியூப் ஒருவருக்கு இரண்டு தடவைக்குக் காணாது. வெயிலில் இறங்க 15 நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் குளித்துத் துடைத்த பின்னும் திரும்பப் பூசுங்கள்.

கேள்வி: முழங்கால் வலிக்குக் கீற்றோபுரோபன் ஜெல் பூசுகிறேன். வயலில் நிற்கும்போது அவ்விடம் சிவந்து கொப்பளிக்கிறது. சன்ஸ்கிறீன் பூசலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: முதலில் ஜெல்லை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். வெயில் பட்டால் ஒவ்வாமை கிளப்பக்கூடிய மருந்து அது. அதற்கு ஒவ்வாதவர்களில் பலருக்கு ஒக்டோகிரிலீனும் ஒவ்வாது. கிறீம் பூசினால் கொப்பளம் கூடலாம். நிறுத்திய பின்னும் இரண்டு கிழமைக்கு முழங்காலைத் துணியால் மூடியே வயலுக்கு இறங்குங்கள்.