எலிக்கு வீக்கம் வடிந்தது, சரி, அம்மாவுக்கு?

கேள்வி: முடக்குவாதத்துக்காக 61 வயதான என் அம்மா வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். விதையிலிருந்து எடுத்த 'புரோட்டியேஸ் தடுப்பான்' எலிகளின் கால் வீக்கத்தைக் குறைத்ததாகப் படித்தேன். சோயாவிலும் அது இருக்கிறதாமே! மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சை சோயாவை அரைத்துக் கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. அழற்சி வந்த இடத்தில் நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணுக்கள் குவிந்து, எலாஸ்டேஸ் போன்ற நொதிகளைக் கொட்டும். புரதத்தை வெட்டும் இந்த நொதிகள்தான் புரோட்டியேஸ். கிருமியை வெட்டுகிற கையோடு நம் திசுவையும் வெட்டிவிடும். அதைக் கட்டிப்போட்டால் சேதம் குறையுமே என்பது நியாயமான யோசனைதான். (எச்.ஐ.வி.க்குத் தரும் புரோட்டியேஸ் தடுப்பான் வேறு. அது வைரஸின் நொதியை முடக்குவது.)

ஆனால் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கடற்பாசியில் கிடைக்கும் காராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் பாதம் உப்பும். எவ்வளவு உப்பியது என்று அளந்து, இண்டோமெத்தசின் போன்ற பழைய மருந்து கொடுத்த எலிகளோடு ஒப்பிடுவார்கள். இதில் பெரும்பாலும் மருந்து முதலில், வீக்கம் பிறகு. நோய் வருவதற்கு அரைமணி முன்னால் என்னிடம் வந்த நோயாளி இதுவரை ஒருவரும் இல்லை!

அம்மாவுக்கு நடப்பது சில மணி நேரக் கதையல்ல. அவருடைய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வை விடாமல் தாக்குகிறது. எலிக்குக் கொலாஜன் ஏற்றி, வாரக்கணக்கில் மூட்டழற்சியை வளர்த்துப் பார்க்கும் சோதனை இதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். அதிலும் தேறிய மருந்து மனிதரிடம் தேறும் என்று சொல்ல முடியாது. மாரிமாஸ்டாட் என்றொரு புரோட்டியேஸ் தடுப்பானைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; பலருக்கு மூட்டுவலியும் விறைப்பும்தான் வந்தன.

பச்சை சோயா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தடுப்பான் முதலில் மடக்குவது, குடலில் புரதத்தைச் செரிக்க வைக்கும் டிரிப்சினை. பச்சை சோயா தின்ற கோழிக்குஞ்சுகளுக்குக் கணையமே பெருத்துப்போனது. நன்றாக வேகவைத்தால் தடுப்பான் பெருமளவு செயலிழந்துவிடும். அப்புறம் அது வெறும் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடட்டும்.

அம்மாவுக்கு வீக்கம் இன்னும் அடங்கவில்லை என்பதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் விரல் விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து, அளவைக் கூட்டுவதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்வார்.