இயற்பியல், நெட்வொர்க் அறிவியல், சித்த மருத்துவம் மூன்றையும் சேர்த்து ஆராய்ச்சி செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறீர்கள், சித்த மருந்துகளை நெட்வொர்க் வழியில் ஆராய ஆசை, "ரெண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று துறையில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதே கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். நான் கோபிப் பக்கம், மஞ்சள் வெள்ளாமை செய்கிற குடும்பம். முனைவர் பட்டத்துக்கு எடுத்தது இயற்பியலில் ஒத்திசைவு. சம்பந்தம் எனக்குப் பிடிபட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

தனித்தனித் தாளத்தில் ஆடுகிற இரண்டு பொருட்களுக்கு நடுவில் லேசான பிணைப்பு இருந்தாலே, பல சமயம் இரண்டும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். ஒத்திசைவு என்பது இதுதான். 1665இல் ஹைகன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி இரண்டு ஊசல் கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டபோது இதைக் கண்டார். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2022இல் வனத்துறை பதிவு செய்த மின்மினிக் கூட்டமும் இப்படித்தான்: ஒரு மரத்தில் தொடங்குகிற மினுக்கல் அடுத்தடுத்த மரங்களுக்குத் தாவிப் பரவுகிறது. 1975இல் குரமோட்டோ என்ற ஜப்பானிய இயற்பியலாளர் இதற்கு எளிய சமன்பாடு எழுதினார். யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடம் மாறினால் தாளம் என்ன ஆகும் என்று கேட்டால் நெட்வொர்க் அறிவியலுக்குள் வந்துவிடுகிறோம். பெரிய நெட்வொர்க்கிலும் சில தாவல்களிலேயே யாரையும் எட்டிவிடலாம் என்று காட்டி, வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் என்ற கணித ஆய்வாளர்கள் 1998இல் எழுதிய புகழ்பெற்ற 'சிறு உலகம்' கட்டுரைக்கு விதை, சுவர்க்கோழிகள் எப்படிச் சேர்ந்து கத்துகின்றன என்ற யோசனைதான்.

உடம்புக்கும் இது பொருந்தும். இதயம், மூச்சு, ரத்த அழுத்தம் மூன்றுக்கும் தனித்தனித் தாளம் உண்டு. ரத்த அழுத்தம் சுமார் 10 நொடிக்கு ஒரு முறை மெதுவாக ஏறி இறங்கும். 2001இல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவர் குழுவினரும் நலமாக இருந்த 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு 6 முறை அளவுக்கு இறங்கி, ரத்த அழுத்தத்தின் தாளத்தோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மந்திரத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் நான் தினமும் போடுகிற அதே கணக்கு உட்கார்ந்திருந்தது. உங்கள் துறையில் கேட்பவர்களுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

அப்புறம் மூலிகை. எந்தச் செடியில் எந்த வேதிப்பொருள், அது உடம்பில் எந்தப் புரதத்தைத் தொடுகிறது, அந்தப் புரதம் எந்த நோயோடு தொடர்புடையது என்று கோடு போட்டுக்கொண்டே போவதுதான் நெட்வொர்க் மருந்தியல். தரவுக்கு அலைய வேண்டாம். சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தார் உருவாக்கிய 'இம்பாட்' (IMPPAT) என்ற தரவுத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைகளும் 17,967 தாவர வேதிப்பொருட்களும் இருக்கின்றன.

வழுக்கி விழுகிற இடமும் இதுதான். என்னிடம் படித்த ஒரு பொண்ணு மஞ்சளுக்கு இப்படி ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் புற்று, சர்க்கரை, மூட்டுவாதம் என்று எல்லா நோயும். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சரி கண்ணு, இதே கணக்கைச் சின்ன வெங்காயத்துக்கும் போட்டுப் பார்" என்றேன். ரெண்டு நாள் கழித்து வந்தாள். வெங்காயத்தின் படமும் கிட்டத்தட்ட அதே படம். நடுவில் நிற்கும் புரதங்களும் அதே டி.என்.எஃப்., ஐ.எல்.-6, ஏ.கே.டி.1. காரணம் எளிது. இந்தப் புரதங்களை உலகம் முழுக்க அதிகமாக ஆராய்ந்திருக்கிறார்கள், அதனால் அவற்றுக்குக் கோடுகளும் அதிகம். எந்தச் செடியைப் போட்டாலும் அங்கேதான் போய் முட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் கோடுகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு இணைப்புகளை மட்டும் கலைத்துப் போட்டு, ஆயிரம் போலி நெட்வொர்க் செய்யுங்கள். அவற்றில் வராத ஏதாவது உங்கள் மூலிகையில் வந்தால்தான் அது பேச வேண்டிய விஷயம். இந்தப் பழக்கம் நமக்கு இயற்பியலில் இருந்து வருகிறது. சித்த மருத்துவத்துக்கு நாம் கொடுக்கக்கூடியதும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மஞ்சளில் இன்னொன்றும் உண்டு. மஞ்சள்தூளைச் சாராயச் சத்துள்ள சானிடைசரில் கலந்து, கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கின் கீழே வைத்துப் பாருங்கள். பச்சையாக ஒளிரும். மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமின் என்ற வேதிப்பொருளின் குணம் அது. ஆய்வகச் சோதனைகளில் பல, ஒளிர்வை அளந்துதான் 'மருந்து வேலை செய்கிறது' என்று முடிவு கட்டுகின்றன. மஞ்சள் தானே ஒளிர்ந்தால் அளவுகோலே பொய் சொல்லும். குடலிலும் அது லேசில் உறிஞ்சப்படுவதில்லை. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்வது 20 மடங்கு கூடியது. உறிஞ்சப்படுவது வேறு, வியாதி குணமாவது வேறு. மிளகுச் சத்து மற்ற மாத்திரைகளின் அளவையும் கூட்டிவிடலாம், அதனால் மருந்து சாப்பிடுகிற பெரியவர்களுக்கு மஞ்சள், மிளகுச் சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மனிதர்களிடம் சோதிக்கும்போது ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இறங்கவே வேண்டாம். ஜெர்மனியில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரிடம் அக்குபஞ்சர் என்ற சீன ஊசி வைத்தியத்தைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். முறையான ஊசியில் 47.6 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. ஊசிக்கு உரிய புள்ளிகளை விட்டுவிட்டு வேறு இடத்தில் மேலாகக் குத்திய போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. போலி ஊசிக் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால், புள்ளிகள்தான் வேலை செய்தன என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, 81 வயது. மூட்டு வலிக்கு ராத்திரி மஞ்சள் மிளகுப் பால் குடிப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தலைமாட்டில் ஒரு டம்ளரும் பத்துப் புளியங்கொட்டையும் வைத்து, அன்றைக்கு வலி எவ்வளவோ அத்தனை கொட்டையை டம்ளரில் போடச் சொன்னேன். ரெண்டு வாரம் பால், ரெண்டு வாரம் வெறும் வெந்நீர், மறுபடியும் பால். "ஏங்கண்ணு, வலிய எண்ணிட்டே இருந்தா போயிருமாக்கும்?" என்று கேட்டார், ஆனால் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. காலையில் நான் எண்ணிக் குறித்துக்கொள்வேன். பால் குடித்த வாரங்களுக்கும் குடிக்காத வாரங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ராத்திரி முழித்துக் கிடந்த நாட்களுக்கு மறுநாள் டம்ளரில் கொட்டை கூடுதலாக இருந்தது. பால் குடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்கும். போன வாரத்திலிருந்து தூக்கத்துக்கென்று இன்னொரு டம்ளர் வைத்திருக்கிறோம்.