செனகல் ஆற்றில் எந்தத் தண்ணீர் வீண்?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றுக்கு இரண்டு பெரிய அணைகள் கட்டி, வீணாகக் கடலுக்குப் போன வெள்ளத்தைத் தடுத்துவிட்டார்கள். ஆனாலும் போடோர் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் “எங்களுக்கு வெள்ளம் வேண்டும்” என்கிறார்களாமே, இது அறியாமையா, பழைமைப் பற்றா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் இல்லை. ‘வீணாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போனால் வீண் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது, இதனாலேயே பொறியாளர் நண்பர்கள் சிலரோடு பேச்சுவார்த்தை குறைந்துபோயிருக்கிறது. செனகல் ஆறு என் கட்சிக்கு நல்ல சாட்சி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போடோர் இருப்பது செனகல் நாட்டின் வட விளிம்பில். ஆற்றுக்கு அந்தக் கரை மொரித்தானியா, அதைத் தாண்டினால் சகாரா. வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத சீமை. அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சனங்கள் பயிர் செய்து, ராஜ்யம் நடத்தி வாழ்ந்திருக்கிறார்கள் என்றால் அது வேறொரு தேசத்து மழையின் புண்ணியம். தெற்கே கினியாவில் ஃபூட்டா ஜாலோன் மலைகளில் கொட்டுகிற மழை பாஃபிங் ஆறாக இறங்கி, மாலியில் பாஃபுலாபே என்ற இடத்தில் பாகோய் ஆற்றோடு சேர்ந்து செனகல் ஆறாகிறது. பக்கேல் என்ற ஊருக்கு வெள்ளத்தின் உச்சம் செப்டம்பரில் வரும், அங்கிருந்து கீழே நிலம் அப்படி ஒரு தட்டை என்பதால் போடோருக்கு வந்து சேர அக்டோபர் ஆகிவிடும். உள்ளூர் மழை ஓய்கிற நேரத்தில் வெள்ளம் வருகிறது பாருங்கள், அதுதான் விஷயமே. ஒரே வருஷத்தில் இரண்டு சாகுபடி. மழையை நம்பி மேட்டு நிலத்தில் கம்பு. அந்த நிலத்துக்கு ஜேரி என்று பெயர். வெள்ளம் வடிந்த பிறகு பள்ளத்துக் களிமண்ணில் சோளம், அது வாலோ. இது போதாதென்று ஆற்றின் சரிவான கரையில், தண்ணீர் இறங்க இறங்கப் பின்னாலேயே போய் மக்காச்சோளம், அவரை, சர்க்கரைவள்ளி எல்லாம் போடுவார்கள், அந்தத் துண்டு நிலத்துக்கு ஃபலோ என்று தனிப் பெயர்.

வாலோவில் விதைப்பது எப்படி என்று தெரிந்தால் நீங்களே ‘அறியாமை’யைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள். வெள்ளம் வடிந்ததும் மேல் மண் சீக்கிரம் காய்ந்து ஓடு கட்டிவிடும், ஈரம் கீழே இருக்கும். அதனால் ஒருவர் அந்த ஓட்டைக் கொத்திவிட்டுப் போக, இன்னொருவர் கனத்த கோலால் ஆழமாகக் குழி போடுவார், பின்னால் வரும் பெண்களும் பிள்ளைகளும் குழியில் சோள விதையைப் போட்டு மேலே ஒரு பிடி உலர்ந்த மணலைத் தூவுவார்கள். களிமண்ணையே போட்டு மூடினால் அது இறுகிக்கொள்ளும், முளை மேலே வராது, ஈரமும் போய்விடும். மணல் தூவினால் ஈரம் உள்ளேயே நிற்கும். அதற்குப் பிறகு மழை கிடையாது, பாசனம் கிடையாது, உரம் கிடையாது. மண்ணுக்குள் வெள்ளம் விட்டுப்போன ஈரத்தைக் குடித்தே பயிர் நின்று மார்ச் வாக்கில் அறுப்புக்கு வரும். அறுத்த தாளில் மேய ஃபுலானி இடையர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள், சாணம் நிலத்துக்கு. இதே பள்ளங்களில்தான் வெள்ளக் காலத்தில் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அங்கே சுபல்பே என்று ஒரு மீனவ சமூகம் இருக்கிறது, ஆற்றைப் பற்றிய அறிவுக்கு அவர்கள்தான் வாரிசு, முதலையையும் நீர்யானையையும் வேட்டையாடிய முன்னோரைப் பாட ‘பெக்கான்’ என்று தனிப் பாட்டு வகையே வைத்திருக்கிறார்கள். நல்ல வெள்ளம் வந்த வருஷத்தில் லட்சம் ஹெக்டேர் வரைக்கும் இந்த மாதிரி விளைந்திருக்கிறது. இதில் எந்தத் தண்ணீர் வீண் என்று எனக்குக் காட்டுங்கள்.

சரி, ராஜ்யம் என்றேன் அல்லவா. பதினோராம் நூற்றாண்டிலேயே இங்கே தக்ரூர் என்ற அரசு இருந்தது, அதன் மன்னர் வார் ஜாபி இஸ்லாத்துக்கு மாறியதை அரபு எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1776-இல் சுலைமான் பால் என்ற அறிஞரைப் பின்பற்றியவர்கள் பழைய அரச வம்சத்தைத் தள்ளிவிட்டு, அப்துல் காதிர் கான் என்பவரை ‘அல்மாமி’யாக, அதாவது மதத் தலைவரும் ஆட்சித் தலைவருமாக, தேர்ந்தெடுத்தார்கள். தன் நாட்டு மக்களைப் பிடித்து அடிமைகளாக ஆற்றின் வழியே கொண்டுபோகக் கூடாது என்று ஃபிரெஞ்சு வணிகர்களை மறித்து நின்றவர் அவர். நாட்டுக்குள்ளே அடிமை முறை ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆட்சி மாறும்போதெல்லாம் அங்கே முதல் தகராறு, வாலோ நிலம் யாருக்கு என்பதுதான்.

இனி உங்கள் அணைகளுக்கு வருகிறேன். கடலோரம் தியாமா அணை 1986-இல் முடிந்தது, மாலியில் பாஃபிங் ஆற்றில் மனந்தாலி அணை 1988-இல். எழுபதுகளில் வந்த கொடிய பஞ்சத்தைப் பார்த்த அரசுகள் கட்டியவை அவை, எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். தியாமா கடல் உப்பு ஆற்றில் ஏறுவதைத் தடுத்தது, நெல் வந்தது, மின்சாரம் வந்தது. கூடவே வந்ததையும் கேளுங்கள். உப்பு நின்றதும் தண்ணீர் அசையாமல் நன்னீராகவே கிடக்க, சம்பங்கோரை கரையெல்லாம் மண்டி ஆற்றில் இறங்க வழியில்லாமல் செய்துவிட்டது. நத்தைகள் பெருகின. நத்தையைத் தின்னும் ஆற்று இறால், முட்டையிட உப்புநீருக்குப் போய்வர முடியாமல் அணையில் முட்டி அருகிப்போனது. 1988-இல் ரிஷார் டோல் ஊரில், இந்த நத்தைகள் வழியாகப் பரவும் குடல் பில்ஹார்சியா என்ற புழு நோய் தலைகாட்டி, சில வருஷங்களில் பெரும்பாலான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. மேலே மனந்தாலியில், செயற்கையாக வெள்ளம் விடுகிறோம் என்று சொன்னார்கள். மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு தண்ணீரைச் சேர்த்து வைப்பதா திறந்துவிடுவதா என்று வருஷாவருஷம் இழுபறி. அணையில்லாத பாகோயும் ஃபலேமே என்ற இன்னொரு துணையாறும் கொண்டுவருகிற வெள்ளம்தான் கிராமத்தாருக்கு உறுதி. வெள்ளம் வராத வருஷம் நெல் போடு என்கிறார்கள். நெல்லுக்கு பம்ப் வேண்டும், டீசல் வேண்டும், உரம் வேண்டும், இதற்கெல்லாம் கடன் வேண்டும். சோளத்துக்கு ஒரு கோலும் ஒரு பிடி மணலும் போதும். வெள்ளம் கேட்கிறவர் கணக்குத் தெரிந்தவர், ஐயா.

இன்னொன்று. வரைபடத்தில் அந்த ஆறு ஒரு எல்லைக்கோடு. ஊரார் கண்ணுக்கு அது ஊரின் நடுத்தெரு, பல கிராமங்களுக்கு நிலம் இரண்டு கரையிலும் உண்டு. 1989-இல் மேய்ச்சல் தகராறு ஒன்று முற்றி இரண்டு நாடுகளிலும் கொலையில் முடிந்தபோது, மொரித்தானியா தன் கறுப்பினக் குடிமக்களையே பல்லாயிரக்கணக்கில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் துரத்தியது. எதிர்க்கரையில் சொந்த வயல் கண்ணுக்குத் தெரிய, இக்கரையில் அகதி முகாமில் இருபது வருஷம் கிடந்தவர்கள் உண்டு.

அப்புறம், நம்மவர் யாரும் பேசாத ஒரு சங்கதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரையில் காசாகப் புழங்கியது புதுச்சேரித் துணி. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி, ‘கினே’ என்பார்கள். பாலைவனத்து மூர்கள் கருவேல இனத்து மரத்தின் பிசினை ஒட்டகத்தில் கொண்டுவந்து போட்டு இந்தத் துணியை வாங்கிப் போவார்கள், பிசினுக்கு விலையே இத்தனை துணி என்றுதான். ஃபிரான்சில் நெய்த போலியைக் கொடுத்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள், தொட்டும் மோந்தும் பார்த்து அசல் எது என்று சொல்லக்கூடியவர்கள். கடைசியில் 1843-இல் ஃபிரெஞ்சு அரசே அந்தத் துணியின் தரத்துக்குச் சட்டம் போட வேண்டியதாயிற்று. புதுச்சேரி ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் இருக்கும். அந்த நீலத் துணி பற்றி வீட்டில் பேச்சுவழியாகவோ பழைய தாள்களாகவோ ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்தடுத்த இதழ்களில் இதே பக்கத்தில் போடுகிறேன்.